பவளக் காளான்... பேரைப் பார்த்து ஏமாறாதீங்க!

மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலை. பெரிய முதலியார்சாவடி முந்திரித் தோப்பிலிருந்து ஒரு அம்மா காளானை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தார். "பையன் இதைப் பவளக் காளான்னு சொல்றான். பவள பற்பம் மாதிரி உடம்புக்கு நல்லதா டாக்டர்?"

நல்லவேளை, சமைக்கும் முன்பே கேட்டார்!

பவளம் என்பது கடலில் சின்னஞ்சிறு உயிரினங்கள் கட்டும் கூடு. சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அதை முறைப்படி சுத்தி செய்து, புடமிட்டுத்தான் பற்பமாக்குகிறோம்.

பவளக் காளானோ தரையிலும் மக்கிய மரத்திலும் முளைக்கும் பூஞ்சை. குடை கிடையாது, கிளைகிளையாகப் பிரிந்து பவளக்கொடி போல நிற்கும். அந்தச் சாயலுக்காக வைத்த பேர்தான் அது, ஆங்கிலத்திலும் அப்படியே. மற்றபடி ரெண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இவற்றில் சாப்பிடக்கூடியவையும் உண்டு. ஆனால் 'ரமேரியா ஃபார்மோசா' போன்றவை வாந்தி, வயிற்றுவலி, பேதியை உண்டாக்கும். பார்வைக்குப் பிரித்தறிவது கஷ்டம். வேகவைத்தால் எல்லாக் காளானின் விஷமும் போய்விடாது.

அதனால், அடையாளம் தெரியாத காளானைச் சமைக்காதீங்க. தெரியாமல் சாப்பிட்டு உபாதை வந்தால், கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!