ஓயாத வேலையும் நரம்பு மண்டலமும்

வேலை மிகுந்தால் மூளை களைத்துவிட்டது என்கிறோம். நிலைகுலைவது மூளை மட்டுமன்று. நம் விருப்பத்தைக் கேளாமலே இதயத்தையும் குடலையும் இரத்தக் குழாய்களையும் நடத்திவரும் தானியங்கு நரம்பு மண்டலமும் உடன் தடுமாறுகிறது.

இம்மண்டலத்திற்கு இரு பிரிவுகள் உண்டு. ஆபத்து என்றவுடன் விழித்தெழுபவை பரிவு நரம்புகள். அவற்றின் தூண்டுதலால், சிறுநீரகங்களின்மேல் குல்லாய்போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சொரிகின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, செரிமானம் தயங்குகிறது. ஆபத்து நீங்கியபின் உடலை அமைதிக்குத் திருப்புபவை எதிர்ப்பரிவு நரம்புகள். அவற்றுள் முதன்மையானது வேகஸ் நரம்பு. போராடவோ ஓடவோ உடல் செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

புலி துரத்தினால் சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். மேலதிகாரியின் அதிருப்தியோ மார்ச்சு மாதக் கணக்கு முடிப்போ அத்தகையதன்று. நாற்காலியில் அமர்ந்தபடியே ஓட ஆயத்தமாகிறோம்; ஓடுவதில்லை. இரவு பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தால் மீண்டும் அதே ஆயத்தம். கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் காலையில் மிகுந்து, நள்ளிரவில் குறைவது இயல்பு. நெருக்கடி நீடித்தால் இத்தாளம் பிறழக்கூடும். உறக்கம் கெடும், உறக்கம் கெட்டால் பரிவு நரம்புகள் மேலும் முறுக்கேறும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இச்சுழலே பெருந்தீங்கு. வாரத்திற்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 விழுக்காடு மிகுதி என உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன.

சோர்வு, வேலையில் பற்றின்மை, திறன் குறைதல் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையை 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் தொழில்சார் நிகழ்வு என வகுத்தது. நோய் எனக் கூறவில்லை. இது பொருள் நிறைந்த வேறுபாடு. தொழிலாளிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, தொழிற்கூடத்தை இருந்தபடியே விட்டுவிட இயலாது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை நாள்களையெல்லாம் சேர்த்துவைத்து, ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகிறோம். அங்கே திருமணம், காதுகுத்து, பாகப்பிரிவினை! அதனை ஓய்வென்று எங்ஙனம் சொல்வது? நரம்புகள் வேண்டுவது ஆண்டு ஓய்வன்று, அன்றாட ஓய்வு. மாலை நடை, நேரத்தோடு உறக்கம், அண்டை அயலாருடன் தாய்மொழியில் சிறிது உரையாடல் ஆகியவை பயன் தரும். மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடுகையில் வேகஸ் நரம்பு இதயத்தின் விரைவைத் தணிக்கிறது. இதற்குச் செலவும் இல்லை.

ஒன்று மட்டும் கருத்தில் இருக்கட்டும். படபடப்பும் தூக்கமின்மையும் தைராய்டு கோளாற்றாலும் வரும். சோர்வு இரத்தசோகையாலும் வரும். வெறும் வேலைக் களைப்பு என்று தாமே முடிவு கட்டாது, மருத்துவரிடம் காட்டுக. நெஞ்சு வலித்தாலோ உடனே செல்க.