கோடையில் மலையேறுவோர் கவனத்திற்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் உறவினர் கூட்டம் நிறைந்துவிடும். வருபவர்களில் பலருக்கு அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறும் வேண்டுதல் இருக்கும். 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர் தூரம். கத்திரி வெயிலில், விரதத்தோடு ஏறுபவர்களும் உண்டு. வியர்வையில் போகும் நீரை ஈடு செய்யாவிட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். ஆனால் நீராவி இன்ஜினை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொதிகலனின் நீர்மட்டத்தை ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். மட்டம் மிகவும் இறங்கினால் ஈய அடைப்பு உருகி எச்சரிக்கும். நம் உடம்பில் அப்படி ஓர் அடைப்பு இல்லை. ரத்த ஓட்டம் குறைந்து, வடிகட்டும் வேலை தடைப்பட்டு, கழிவுகள் தேங்கும்போதும் சிறுநீரகம் பெரும்பாலும் வலி காட்டாது. கண்ணாடிக் குழாய் மட்டும் உண்டு. அதுதான் சிறுநீர்.

சிறுநீர் அடர் மஞ்சளாகவோ தேநீர் நிறமாகவோ மாறுவது, அளவு குறைவது, நாக்கு வறள்வது, எழுந்தால் தலைசுற்றுவது ஆகியவை முதல் அடையாளங்கள். உடனே நிழலில் உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் நல்லது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முக்கியமான ஒன்று: கால்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை அந்த நேரத்தில் விழுங்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வாந்தி பேதியின்போது அவற்றைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

6 மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலோ, மயக்கம், குழப்பம், நிற்காத வாந்தி இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யும் பக்கம்தான். கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் நிலைமை தெரிந்துவிடும். சீக்கிரம் போனால் நீர் ஏற்றுவதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் டயாலிசிஸ் வரை போகலாம்.

மலையிறங்கி வரும் உறவினரிடம் தரிசனம் எப்படி என்று விசாரிப்பதோடு, "தண்ணீர் குடித்தீர்களா, சிறுநீர் சரியாகப் போகிறதா?" என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.