காலாவதியான எஞ்சினின் நெடும்பயணம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை ஓயாமல் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. மூழ்கும் வேகத்தை மிஞ்சும் வேகத்தில் புதிய கப்பல்கள் தேவைப்பட்டன. 1941-இல் அமெரிக்கா அவற்றைக் கட்டத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த எஞ்சினோ, 1881-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட 'அபர்தீன்' கப்பலில் பெயர் பெற்ற பழைய பிஸ்டன் வகை. கப்பல் உலகம் அதற்குள் டர்பைனுக்கும் டீசலுக்கும் மாறத் தொடங்கியிருந்தது.

பிறகு ஏன் பழசு? டர்பைனின் வேகத்தைக் குறைத்துத் தர மிகத் துல்லியமான பற்சக்கரங்கள் வேண்டும். அவற்றை வெட்டும் தொழிற்சாலைகள் சிலவே. அவையும் போர்க்கப்பல்களுக்கே போதவில்லை. பழைய பிஸ்டன் எஞ்சினையோ சாதாரணப் பட்டறைகளாலேயே செய்துவிட முடியும்.

அதன் பெயர் மும்முறை விரிவு எஞ்சின். கொதிகலனிலிருந்து சதுர அங்குலத்துக்குச் சுமார் 220 பவுண்டு அழுத்தத்தில் வரும் நீராவி, முதலில் சிறிய சிலிண்டருக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளும். தள்ளியதில் விரிந்து அழுத்தம் குறைந்த அதே நீராவி, அடுத்து நடுத்தரச் சிலிண்டருக்கும், கடைசியில் பெரிய சிலிண்டருக்கும் போகும். அழுத்தம் குறையக் குறைய பிஸ்டனின் பரப்பு கூடுவதால் மூன்றும் ஏறத்தாழ ஒரே பலத்துடன் தள்ளும். கரும்பை மூன்று முறை ஆலையில் விட்டுச் சாறெடுப்பது போன்ற சிக்கனம்தான். கடைசியில் நீராவி குளிர்ந்து நீராகி, மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும். 2,500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 76 சுற்று, 11 நாட் வேகம். அவ்வளவுதான்.

'லிபர்டி' என்று பெயர் பெற்ற இந்தக் கப்பல்கள் 1945-க்குள் 2,710 கட்டப்பட்டன. தனித்தனியே செய்த பெரிய துண்டுகளைத் தளத்துக்குக் கொண்டுவந்து வெல்டிங் செய்து சேர்த்ததால்தான் இந்த வேகம் கைகூடியது. வெல்டிங்குக்கு ஒரு விலையும் இருந்தது: ரிவெட் அடித்த தகடுகளில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும், ஒட்டிய உடலில் தடையின்றி ஓடும். குளிர்கடலில் சில கப்பல்கள் இரண்டாகவே பிளந்தன. குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அந்த எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் கண்டறிந்தார்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் 'ஜெரமையா ஓ'பிரையன்'. மெய்ன் மாநிலத்தின் தெற்கு போர்ட்லாந்தில் 1943 ஜூன் 19 அன்று நீரில் இறங்கியது. நீளம் 441 அடி, ஐந்து சரக்கறைகள். அட்லாண்டிக்கைக் கடந்து சரக்கு சுமந்தது. 1944-இல் நார்மண்டி படையெடுப்பின்போது இங்கிலாந்துக்கும் பிரெஞ்சுக் கடற்கரைக்கும் இடையே 11 முறை போய்வந்தது. பின்னர் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களிலும் ஓடியது.

போர் முடிந்ததும் 1946-இல் கலிபோர்னியாவின் சுசூன் விரிகுடாவில், எஞ்சினில் கிரீஸ் பூசி நிறுத்திவைத்தார்கள். 33 ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. உடன் நின்றவை ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போயின. தாமஸ் பேட்டர்சன் என்ற கடல்துறை அதிகாரியின் முயற்சியால் இது தப்பியது. 1979-இல் தன்னார்வலர்கள் கிரீஸைத் துடைத்து, கொதிகலனை மூட்டினார்கள். இழுவைப் படகை நம்பாமல் தன் நீராவியிலேயே அது வெளியேறியது.

1994-இல், நார்மண்டி தரையிறக்கத்தின் 50-ஆம் ஆண்டு நினைவுக்காக, வயதான மாலுமிகளோடு பனாமா கால்வாய் வழியே பிரான்சுக்கே போய்த் திரும்பியது. 1997-இல் வெளிவந்த 'டைட்டானிக்' படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளில் ஓடுவது இதன் எஞ்சின்தான். 2020-இல் சான் பிரான்சிஸ்கோ துறையில் மூண்ட தீ இதை நெருங்கியது, தீயணைப்பாளர்கள் காப்பாற்றினார்கள்.

இன்று இயங்கும் நிலையில் உள்ள லிபர்டி கப்பல்கள் இரண்டே. மற்றொன்று பால்டிமோரில் இருக்கும் 'ஜான் டபிள்யூ. பிரவுன்'. இவை பிழைத்ததற்கு மனிதர்களின் பிடிவாதம் ஒரு காரணம் என்றால், எஞ்சினின் எளிமை இன்னொன்று. பிஸ்டனும் தண்டுகளும் கண்ணெதிரே ஓடுகின்றன. பழுது எங்கே என்று பார்த்தாலே தெரியும். உடைந்த பாகத்தைப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். அவசரத்துக்குச் செய்துகொண்ட சமரசம்தான் இந்தக் கப்பல்களுக்கு இத்தனை நீண்ட ஆயுளைக் கொடுத்தது.