ஆறு மாதப் பொறுமை

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் - 12

சென்ற வாரம் இட்லி மாவைப் பார்த்தோம். ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு அவ்வளவு வேகம். இந்த வாரம் பார்க்கப்போவது நேர் எதிரான ஓர் உயிரை. அதன் பலமே நிதானம்தான்.

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் இடம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் சித்த மருத்துவமனைக்கு வருகிறவர்களும் தினமும் இறங்கும் அந்த நிலையத்துக்குப் பெயர் வந்ததே காசநோய்க் கிருமியால்தான்.

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே ஒரு காசநோய் விடுதியைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றிருக்கிறார். அன்று இந்நோய்க்கு மருந்தே கிடையாது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். நகரத்தைவிட்டு ஒதுங்கியிருந்த தாம்பரம் அதற்குத் தோதாக இருந்தது. 1937-ல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இந்தக் கிருமியைப் பார்க்க, நோயாளியின் சளியை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்குவார்கள். பிறகு அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் ஏற்றுவார்கள். மற்றவை எல்லாம் நீலமாகிவிட, காசநோய்க் கிருமி மட்டும் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். உடம்பைச் சுற்றி மெழுகுபோன்ற உறை இருப்பதால் அமிலம்கூட அதன் சிவப்பைக் கரைக்க முடிவதில்லை. இந்தக் கிருமியை 1882-ல் கண்டறிந்தவர் ராபர்ட் கோக்.

நம் குடலில் வாழும் ஈ-கோலை தோதான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். பெருகும் கிருமியை மருந்து சீக்கிரம் கொன்றுவிடும். சோம்பிக் கிடப்பது தப்பித்துக்கொள்ளும். மருந்தை ஆறு மாதம் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

காசநோய் மருந்துகளில் முதலாவதான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கிடைத்தது, மண்ணில் வாழும் இன்னொரு நுண்ணுயிரிடமிருந்து. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், மருந்து வந்தபின் சானடோரியம் அவசியமா என்று பார்க்க, நோயாளிகளில் ஒரு பாதியினரை சானடோரியத்திலும் மறுபாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்துச் சிகிச்சை தந்தது. வீடுகளோ நெருக்கடியானவை, சாப்பாடும் போதாது. ஆனாலும் குணமடைந்தவர்கள் ஏறக்குறைய அங்கும் இங்கும் சமம். நோயாளியுடன் வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு, உலகமெங்கும் காசநோய் வைத்தியத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. நம் சென்னை உலகுக்குத் தந்த கொடை இது.

எச்.ஐ.வி. பரவியபோது தாம்பரம் மறுபடி முன்னால் நின்றது. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் காசநோய் எளிதில் நுழையும். மற்ற இடங்களில் தயங்கித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று.

இன்றும் பலர் தடுக்கி விழுவது இரண்டாவது மாதத்தில். இருமல் நின்றுவிடும், உடம்பும் தேறும். "அதான் சரியாயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துவார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. பாதியில் விட்டால், மீந்த கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சாயங்காலக் காய்ச்சலா? எடை குறைகிறதா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. வீட்டில் யாருக்காவது இந்நோய் வந்தால் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்காதீர்கள். காசம் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆறு மாதமும் மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துங்கள்.

(தொடரும்)