மறதியும் தனிமையும்

பல மலர்களை ஒரு மாலையாகத் தொடுப்பது நார். அதுபோல, மனிதனுடைய நாள்களையெல்லாம் ஒரு வாழ்வாகத் தொடுப்பது நினைவு. அந்த நார் சிறிது சிறிதாக இற்றுப்போகும் நிலையே மறதிநோய். மருத்துவர் இதனை ‘டிமென்ஷியா’ என்பர்.

முதுமையில் எவர்க்கும் உண்டாகும் சிறு மறதி வேறு, இந்நோய் வேறு. மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமையின் இயல்பு. மூக்குக்கண்ணாடி எதற்கு உதவுவது என்பதையே மறப்பது நோயின் அறிகுறி. மூளையில் உள்ள நரம்பணுக்கள் சிதைவதால் இந்நிலை ஏற்படுகிறது. இந்நோய் பலவகைப்படும். அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வகையை 1906ஆம் ஆண்டில் முதன்முதலாக எடுத்துரைத்தவர் அலாய்ஸ் ஆல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். அவர் பெயராலேயே அவ்வகை வழங்கப்படுகிறது. உலகில் 5½ கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மறதிநோயால் துன்புறுகின்றனர். இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மருந்தால் நீங்காத நோயைப் பரிவால் தாங்கச் செய்யலாம். மறதிநோய் உடையவர்க்கு மூன்று துணைகள் இன்றியமையாதவை. நாள்தோறும் மாறாத ஒழுங்கு ஒன்று. பழகிய முகம் மற்றொன்று. அன்போடு பற்றும் கை மூன்றாவது. மகளின் பெயரை மறந்தவரும் அவள் குரலைக் கேட்டு மகிழ்வதுண்டு. சொற்கள் மறைந்த பின்னும் முகக்குறிப்பை உணரும் ஆற்றல் நெடுநாள் நிற்கிறது. ஆதலின், அருகிருந்து பேணும் உறவினர் வந்து செல்லும் விருந்தினர் அல்லர்; மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆவர்.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியது ஒரு பெருந்துன்பம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொரோனா நோய் உலகப் பெருந்தொற்று என்று உலக நல்வாழ்வு நிறுவனம் அறிவித்தது. அம்மாதம் 23ஆம் நாள் பிரிட்டனில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. முதியோரைப் பேணும் இல்லங்களின் கதவுகள் உறவினர்க்கு அடைக்கப்பட்டன. இறுதிவேளை போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு அளிக்கப்பட்டது.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவ்வாண்டு மார்ச்சு முதல் ஜூன் முடிய இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தொற்றோடு தொடர்புடைய இறப்புகள் 50,335. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மறதிநோயை முதன்மையான முன்நோயாக உடையவர்கள். கதவை அடைத்தது உயிரைக் காக்கும் நோக்கத்தோடுதான்.

ஆயினும், தொற்றைத் தடுத்த கதவே துணைகளையும் தடுத்தது. உறவினர் சன்னலுக்கு வெளியே நின்று கையசைத்தனர். ஏன் உள்ளே வரவில்லை என்பதை நோயாளர் அறியார். சொன்னாலும் அவர் நினைவில் அது நில்லாது. பணியாளரின் முகமூடி புன்னகையை மறைத்தது. தொலைபேசித் திரையில் தோன்றிய உருவம் தம் மகனே என்று பலர் உணரவில்லை. தனிமையில் சிலர் உண்ண மறுத்தனர். சிலர் பேச்சை இழந்தனர்.

இல்லத்தில் வைத்துப் பேணியவர் நிலையும் எளிதன்று. முதிய கணவரை முதிய மனைவியே காக்கும் வீடுகள் பல. நோயாளரைப் பகலில் ஏற்றுக்கொண்டு அவர்க்குச் சற்று ஓய்வளித்த பகல்நேர நிலையங்கள் மூடப்பட்டன. இரவில் நோயாளர் உறங்காமல் எழுந்து நடப்பார். பகலில் ஒன்றையே பன்முறை வினவுவார். மாற்றிக் கொள்ள மற்றோர் ஆள் இன்றி, பேணுவோர் உடலும் உள்ளமும் தளர்ந்தனர். விளக்கில் எண்ணெய் ஊற்றுவார் இல்லையேல் சுடர் எவ்வாறு நிற்கும்?

இங்கிலாந்துக்குக் கிழக்கே கடலுக்கு அப்பால் உள்ள நெதர்லாந்திலும் இவ்வாறே 2020 மார்ச்சு 20 முதல் முதியோர் இல்லங்கள் அடைக்கப்பட்டன. ஆனால் அந்நாட்டினர் மே மாதம் 11ஆம் நாள் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். 26 இல்லங்களில், வரையறுத்த விதிகளுக்கு உட்பட்டு, முதியவர் ஒருவர்க்கு உறவினர் ஒருவர் வீதம் வர இசைவளித்தனர். அறிஞர்கள் விளைவை ஆராய்ந்தனர். முதியோரின் மனநலம் மேம்பட்டது. ஆய்வு நடந்த அந்நாள்களில் அவ்வில்லங்கள் எதிலும் புதிய தொற்று தோன்றவில்லை. விழிப்போடு கதவைத் திறக்கவும் வழி உண்டு என்பது புலனாயிற்று.

இங்கிலாந்திலும் விதிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. 2021 மார்ச்சு 8 முதல், குறிக்கப்பட்ட உறவினர் ஒருவர் இல்லத்திற்குள் வரலாம். முதியவரின் கையைப் பற்றலாம் என்று இசைவு தரப்பட்டது. கையைப் பற்றுவதற்கும் ஓர் அரசாணை வேண்டியிருந்தது! தொடுதல் எத்துணை அரியது என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டவல்லது வேறு யாது?

உயிரைக் காப்பது கடமை. அவ்வுயிர் வாழ்வதற்குரிய அன்பைக் காப்பதும் கடமையே. இனியொரு கொள்ளைநோய் வருமாயின், மருந்தையும் முகமூடியையும் திரட்டுவதோடு, பேணுவோர் நோயாளரை அடையும் வழியையும் முன்னரே வகுத்துவைத்தல் வேண்டும். பேணுவோர்க்கு ஓய்வும் வேண்டும். தம் பெயரையே மறந்தவரும் தம்மை மறவாத ஒருவர் அருகில் இருக்கும்வரை தனித்தவர் ஆகார்.