பாரதி குடியிருந்த வீடு

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் மகாகவி சுப்பிரமணிய பாரதியார் குடியிருந்த பழைய வீடு, இன்று அரசின் பொறுப்பில் அருங்காட்சியகமாகவும் ஆய்வு மையமாகவும் பேணப்படுகிறது. 1882 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்த எட்டயபுரத்து வீடும், 1921 செப்டம்பரில் அவர் உயிர் நீத்த திருவல்லிக்கேணி வீடும் நினைவில்லங்களாகவே உள்ளன; எனினும் அவருடைய எழுத்து செழித்த பத்தாண்டுகள் புதுச்சேரியில் கழிந்தமையால், கவிஞரை அறிய விரும்புவோர்க்கு மூன்றனுள் இதுவே முதன்மையானது.

அவர் பணியாற்றிய 'இந்தியா' வார இதழின் மீது 1908இல் அரசாங்க வழக்குப் பாய்ந்தபோது, பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்குப் பாரதியார் வந்து சேர்ந்தார். இதழும் அங்கிருந்து தொடர்ந்து வெளிவந்தது; ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை விதிக்கப்பட்டதால், வாசகர்களை இழந்து 1910இல் நின்றுபோயிற்று. வருவாய் அற்று, ஒற்றர்களின் கண்காணிப்பும் சூழ்ந்திருந்த அந்த ஆண்டுகளில்தான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் அச்சேறியது. இரண்டாம் பாகத்தை நூலாகக் காண அவர் உயிரோடு இல்லை.

புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது எளிய வேலையன்று. அவற்றின் மேல்தளம் பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' எனக் கட்டுமானத் தொழிலில் வழங்கும் முறையில் அமைந்தது. அதாவது, மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்குவது. இத்தகைய வீடுகளின் சுவர்மேல் சிமெண்டு பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே அரிக்கும் என்பதால், பழைய முறை அறிந்த கொத்தனார்களைக் கொண்டு சுண்ணாம்பிலேயே பூச வேண்டும்.

ஆயினும் சுவரைக் காப்பது பாதி வேலையே. பாரதியார் புதுச்சேரியில் வாடகை வீட்டில் இருந்தவர். அவர் விட்டுச் சென்ற சொத்து எழுத்து மட்டுமே. எனவே இத்தகைய இல்லத்தில் மாலையிட்ட படங்களைவிட, அவர் கைப்பட எழுதிய தாள்களும், அவர் நடத்திய இதழ்களும், 'இந்தியா'வில் வெளிவந்த கருத்துப்படங்களும்—அரசியல் நிகழ்ச்சியைக் கேலியாகவோ கண்டனமாகவோ உணர்த்தும் சித்திரங்களும்—வருவோர் நின்று படிக்கும் வகையில், காலமும் சூழலும் விளக்கிக் காட்டப்படுவதே தகும். 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய நூல்களின் உரிமையை வாங்கி, பின்னர் பொதுமக்களுக்கே உரியதாக்கியது. எழுத்து மக்களுடையதானபின் அதன் மூலச் சான்றுகளும் மக்கள் கண்ணில் படவேண்டுமன்றோ? அவர் பணியாற்றிய இதழ்களில் பல பிரதிகள் இன்றுவரை ஆய்வாளர் கைக்கு எட்டவில்லை. பழைய குடும்பப் பெட்டிகளில் அத்தகைய தாள்கள் இருக்குமானால், செல்லரிக்குமுன் அவற்றைப் படியெடுக்கவேனும் தந்து உதவுவது தமிழர் ஒவ்வொருவரின் கடமை.