கிருஷ்ணகிரியின் கல்லூரிகள்: தொடங்கியவர் யார், இடம் யாருக்கு?

ஒரு கல்லூரியை யார், எப்போது, எந்தச் சட்டச் சூழலில் தொடங்கினர் என்பது வெறும் வரலாற்றுச் செய்தியன்று. சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பகுதித் தலித் மாணவருக்கு அதுவே சேர்க்கை உரிமையின் அளவுகோல்.

இவ்வட்டாரத்தில் உயர்கல்வி தாமதமாகவே வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது; தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு கலைக் கல்லூரிகள் தோன்ற 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓசூரில் சிப்காட் ஆலைகள் பெருகியபின் பொறியாளர் தேவை எழுந்தது. அத்தேவையை முதலில் நிறைவுசெய்ய வந்தது தனியார் முதலீடு: 1987இல் ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரி. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994இல்தான் வந்தது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் தொகுதி அது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் அமைந்தது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது.

அரசுக் கல்லூரிகளில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நேரடியாகப் பொருந்தும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. அரசு உதவி பெறாத நிறுவனங்கள்மீது இடஒதுக்கீட்டைத் திணிக்க இயலாது என இனாம்தார் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு விடையாக 93ஆம் திருத்தம் 15(5) என்னும் உட்பிரிவை அரசமைப்பில் சேர்த்தது. 2006இல் தமிழ்நாடும் தனியார் கல்வி நிறுவனங்களுக்கென இடஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றியது. 2014இல் பிரமதி வழக்கில் அத்திருத்தம் செல்லும் என்று உறுதியானது. எனினும் சிறுபான்மை நிறுவனங்களுக்கு 15(5) பொருந்தாது. நடைமுறையிலோ, கலந்தாய்வுக்கு ஒப்படைக்கப்படும் இடங்களில் காணப்படும் விகிதம் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களில் மறைந்துவிடுகிறது.

கல்லூரியின் தோற்றமே நீதியின் வினா என்பதை அண்ணல் அம்பேத்கர் அறிந்திருந்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அடுத்து அவர் தேர்ந்தது உயர்கல்வி எட்டாதிருந்த மராத்வாடா. 1950இல் ஔரங்காபாத்தில் எழுந்தது இன்றைய மிலிந்த் கல்லூரி. ஆலைக்கு ஆள் சேர்ப்பது அங்கு நோக்கமாக இருக்கவில்லை. ஒடுக்கப்பட்டோர் அறிவதிகாரம் பெறுவதே நோக்கம்.

எனவே சேர்க்கைக் காலத்தில் மாணவர்களும் இயக்கங்களும் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். கல்லூரி அரசினுடையதா, உதவி பெறுவதா, சுயநிதியா, சிறுபான்மையினதா? மொத்த இடங்களில் கலந்தாய்வுக்கு வந்தவை எத்தனை? அவற்றில் பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் சேர்ந்தது எத்தனை? தனியார் கல்லூரி விடை தர மறுத்தால், அதனை இணைத்துள்ள பல்கலைக்கழகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவைச் சுட்டிக் கேட்கலாம். சட்டப்படி அப்பல்கலைக்கழகம் பெறக்கூடிய தனியார் நிறுவனத் தகவலும் அப்பிரிவில் அடங்கும். எண்ணிக்கை கைக்கு வந்த பிறகே வழக்கோ போராட்டமோ வலுப்பெறும்.